ஏழு பல் வித்தியாசம்: பழைய லேத்துக்குச் சரியான மேனுவல் தேடின கதை

ஒர்க்ஷாப் லேபில் எல்லாரும் லேத் ஓட்டியிருப்போம். ஃபேசிங், ஸ்டெப் டர்னிங், டேப்பர், நர்லிங். ஜாப்பைக் காட்டி, கையெழுத்து வாங்கி, ரெக்கார்டில் ஒட்டி முடிச்சிருப்போம். ஆனா அந்த மெஷினோட மேனுவலை யாராவது கண்ணால பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததே இல்லை. அது ஒரு குறையாவும் தோணல. போன செமஸ்டர் லீவில் தப்பான மேனுவல் ஒன்றை நம்பி ஒரு நல்ல ஷாஃப்டைக் கெடுத்த பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிச்சேன். அன்னைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு நினைக்கிறதை இங்கே எழுதுறேன்.

எங்க ஊர் திருவண்ணாமலை. ரமணாசிரமம் பக்கத்தில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் பெரியப்பாவுக்குச் சின்னதா ஒரு கடைசல் பட்டறை. பட்டறை என்றால் பெரிசா நினைக்காதீங்க. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், ஒரு கிரைண்டர், அவ்வளவுதான். ஆசிரமத்து மயில் கூரை மேல வந்து கத்தும். வாடகை சைக்கிளில் போகும் வெளிநாட்டுக்காரர்கள் பெடல் மரை போய்விட்டதென்று வந்து நிற்பார்கள். ஆனா சோறு போடும் வேலை மோட்டார் பம்ப், டிராக்டர், மாவு மில் இதுகளோட ஷாஃப்ட்தான்.

அந்த லேத் பல வருஷத்துக்கு முன்னாடி சென்னை அம்பத்தூர் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. பெயர்ப்பலகை கிடையாது. மேனுவல் கிடையாது. அதை முழுசா தெரிஞ்ச ஒரே ஆள் பட்டறையில் வேலை பார்த்த மேஸ்திரி. அவர் வயசாகி ஊரோடு போய்விட்டார். பெரியப்பா இஞ்சு மரை எல்லாம் பழக்கத்திலேயே வெட்டிவிடுவார். மில்லிமீட்டர் மரை வந்தால் டை வைத்து வெட்டுவார். டைக்கு அடங்காத சைஸ் வந்தால் வேலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நான் செய்த தப்பு

பௌர்ணமிக்கு மூணு நாள் முன்னாடி ஒரு மாவு மில்காரர் உடைஞ்ச ஷாஃப்டோட வந்தார். பௌர்ணமி என்றால் எங்க ஊரில் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், வழி நெடுக இட்லிக் கடை. அந்தக் கடைகளுக்கு மாவும் பொடியும் அரைத்துத் தரும் மில் அது. புது ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் எம்30×1.5 மரை வெட்டணும். பேரிங்கைப் பிடிக்கும் கேஎம்6 லாக் நட் அதில் ஏறணும். 30 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் பிட்ச். அந்த சைஸுக்குப் பட்டறையில் டை இல்லை.

பெரியப்பா திருப்பி அனுப்பப் பார்த்தார். நான்தான், "இருங்க பெரியப்பா, மேனுவல் டவுன்லோட் பண்றேன், சேஞ்ச் கியர் சார்ட் பார்த்து வெட்டிடலாம்" என்றேன்.

அன்று ராத்திரி முழுக்கத் தேடினேன். நம்ம மெஷின் மாதிரியே ஹெட்ஸ்டாக், அதே எண்ணிக்கையில் லீவர், அதே இடத்தில் டூல் போஸ்ட். ஒரு பிடிஎஃப் கிடைத்தது. சார்ட்டில் 1.5 மில்லிமீட்டர் பிட்ச்சுக்கு எதிரே 30, 120 என்று இருந்தது. ஓட்டும் சக்கரம் 30 பல், லீட் ஸ்க்ரூவில் மாட்டும் சக்கரம் 120 பல். ரெண்டுமே பெட்டியில் இருந்தது. அதுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய சக்கரம். எண்ணிப் பார்த்தால் 127 பல். இது என்ன வித்தியாசமான நம்பர், வேற மெஷினோடதா இருக்கும் என்று ஓரமா வைத்தேன். மொத்தத் தப்பும் அந்த ஒரு நொடியில்தான் நடந்தது.

மரை பார்க்க அழகா வந்தது. லாக் நட்டை ஏற்றினேன். ரெண்டு சுற்று கையிலேயே ஓடியது. மூணாவது சுற்றில் இறுகி நின்றுவிட்டது. ஆழம் பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் வெட்டினேன். இப்போ நட் லொடலொடன்னு ஆடுது, ஆனாலும் மூணாவது சுற்றுக்கு மேல் நகர மாட்டேங்குது.

பெரியப்பா வந்து பார்த்தார். 1.5 மில்லிமீட்டர் பிட்ச் கேஜை மரையில் வைத்தார். ஒரு முனையில் உட்கார்ந்தது, மறு முனையில் வெளிச்சம் தெரிந்தது. ஒண்ணும் சொல்லாமல் இஞ்சு கேஜை எடுத்து ஒவ்வொரு இலையா வைத்துப் பார்த்தார். ஒரு இலை ஒட்டின மாதிரி உட்கார்ந்தது.

"பதினாறு" என்றார். அதாவது இஞ்சுக்கு 16 மரை.

"புக்ல 30, 120னுதான் போட்டிருக்கு பெரியப்பா."

"இன்னாடா நீ, புக்குல போட்டிருக்கு, புக்குல போட்டிருக்குன்ற. அந்த புக்கு எந்த மெஷினுக்குடா எழுதினான்?"

இந்தக் கட்டுரை மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான்.

கணக்கு எங்கே இடிச்சது?

லேத்தில் மரை வெட்டும்போது சக்கு ஒரு சுற்று சுற்றினால் டூல் எவ்வளவு தூரம் நகருதோ அதுதான் பிட்ச். அந்தத் தூரத்தை முடிவு பண்றது ரெண்டு விஷயம்: லீட் ஸ்க்ரூவோட பிட்ச், நடுவில் இருக்கும் பல் சக்கரங்களோட விகிதம்.

நான் எடுத்த பிடிஎஃப் 6 மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூ உள்ள மெஷினுக்கு எழுதினது. 6 × 30/120 = 1.5. சரிதான்.

எங்க பட்டறை மெஷினோட லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 மரை. ஒரு இஞ்சு 25.4 மில்லிமீட்டர், அப்போ ஒரு மரைக்கு 6.35 மில்லிமீட்டர். 6.35 × 30/120 = 1.5875. இதுவே இஞ்சுக்கு 16 மரை. பெரியப்பா கேஜ் சொன்னது கரெக்ட்.

ஒரு மரைக்கு வித்தியாசம் 0.0875 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனா அது ஒவ்வொரு மரைக்கும் கூடிக்கிட்டே போகும். மூணு மரையில் கால் மில்லிமீட்டரைத் தாண்டும். மரைக்கு நடுவில் இருக்கும் சின்ன இடைவெளி முதல் ரெண்டு சுற்றை விட்டுக்கொடுக்கும், அப்புறம் நட் இறுகும். ஆழமா வெட்டினால் ஆட்டம்தான் அதிகமாகும், பிட்ச் மாறாது.

ஓரமா வைத்த 127 பல் சக்கரம் எதுக்கு? 25.4-ஐ 5-ஆல் பெருக்கினால் 127. இஞ்சு லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரையை மிகச் சரியா வெட்ட 127 பல் சக்கரம் வேணும். 127 பகா எண், அதனால் சின்னச் சக்கரங்களை வைத்து அதை உருவாக்கவும் முடியாது. சூத்திரம் இதுதான்:

ஓட்டும் பற்கள் ÷ ஓட்டப்படும் பற்கள் = 5 × பிட்ச் × இஞ்சுக்கு லீட் ஸ்க்ரூ மரை ÷ 127

பிட்ச் 1.5, லீட் ஸ்க்ரூ 4 என்று போட்டால் 30/127. நான் மாட்டியது 30/120. ஏழே பல் வித்தியாசம். தியரி பேப்பரில் இந்த 127-ஐப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கேன். பெட்டிக்குள் நேரில் பார்த்தபோது அடையாளம் தெரியல.

மேனுவல்கள் ஏன் காணாமல் போகுது?

நம்ம நாட்டுப் பழைய லேத்கள் ஒரே குடும்பம் இல்லை. இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில், 1941-இல், கர்நாடகாவின் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் கம்பெனி தொடங்கியது. அந்த லேத்கள் இந்தியா முழுக்க ஐடிஐக்களிலும் பட்டறைகளிலும் ஓடின. 1953-இல் பெங்களூரில் எச்எம்டி வந்தது. நமக்கு எச்எம்டி என்றால் தாத்தாவோட வாட்ச்தான் ஞாபகம் வரும், ஆனா வாட்ச் 1961-இல்தான். ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற பெயரிலேயே அது முதலில் என்ன செய்தது என்பது இருக்கு. முதல் லேத்துக்குச் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியோட தொழில்நுட்பம். நம்ம பக்கத்தில் கோயம்புத்தூர். 1926-இல் தொடங்கின பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் செய்த லேத்களைத் தமிழ்நாட்டுக் காலேஜ் லேப்களில் இன்னைக்கும் பார்க்கலாம். இதுக்கெல்லாம் முன்னாடியே இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா மெஷின்கள் ரயில்வே ஒர்க்ஷாப்புக்கும் மில்லுக்கும் வந்து, அப்புறம் ஏலத்தில் கைமாறி வெளியே போயிருக்கு.

பெரிய கம்பெனிகளைத் தவிர பஞ்சாபின் பட்டாலா, லூதியானா, குஜராத்தின் ராஜ்கோட், நம்ம கோவை என்று பல ஊர்களில் சின்னச் சின்ன ஃபேக்டரிகள் லேத் செய்தன. பேர் வாங்கின டிசைனைப் பார்த்து அதே மாதிரி செய்வது சகஜம். இப்படி வந்த மெஷின் பலவற்றுக்கு அச்சடித்த மேனுவலே இருந்திருக்காது. ஆக, வெளித்தோற்றத்தை வைத்து மேனுவல் தேடினால் என்னை மாதிரிதான் ஆகும்.

இதோட அளவுமுறையும் மாறியது. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்தது, மாற்றம் படிப்படியா நடந்தது. அதனால் ஒரே மாடலே இஞ்சு லீட் ஸ்க்ரூவோடும் கிடைக்கும், மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூவோடும் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒண்ணுதான். மாடல் பேர் சரியா இருந்தாக்கூட மேனுவல் தப்பா இருக்கலாம்!

மெஷினிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

ஷாஃப்ட் கெட்டுப்போன மறுநாள் காலையில் நானும் பெரியப்பாவும் மெஷினை முதலில் இருந்து அளந்தோம். தேடலை ஆரம்பிப்பதற்கு முன்னாடியே இதைச் செய்திருக்கணும்.

1. எண் எங்கே இருக்கு, எப்படி இருக்கு?

பெட்டின் வலது முனை, ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம், கியர் மூடியின் உள்பக்கம், இந்த மூணு இடத்தையும் முதலில் பாருங்க. எழுத்து மேடா இருந்தால் அது வார்ப்பில் வந்தது. அச்சோட நம்பர் அது, அந்த மாடலில் எல்லா மெஷினிலும் அதே இருக்கும். எழுத்து பள்ளமா, கொஞ்சம் கோணலா குத்தியிருந்தால் அதுதான் பெரும்பாலும் சீரியல் நம்பர். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அமெரிக்காவின் சவுத் பெண்ட் மாதிரி கம்பெனிகளின் மெஷினுக்குச் சீரியல் நம்பரை வைத்தே எந்த வருஷம், என்ன வகை என்று கண்டுபிடிக்கலாம்.

பெயிண்டுக்கு அடியில் தகடு இருக்கலாம். தின்னரில் நனைத்த துணியால் பொறுமையா ஒத்தி எடுங்க. எமரி ஷீட்டும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும். மங்கின தகடு மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால், சின்ன வயசில் காசைத் தேய்த்துப் படம் எடுப்போமே, அந்த மாதிரி எழுத்து வரும்.

2. உண்மையான சைஸ் என்ன?

நம்ம ஊரில் "நாலரை அடி லேத்", "ஆறடி லேத்" என்று பெட் நீளத்தைத்தான் சொல்வோம். அப்படித் தேடினால் மேனுவல் கிடைக்காது. பிரிட்டிஷ், ஐரோப்பிய வழக்கம் சென்டர் உயரம், அதாவது பெட்டிலிருந்து சென்டர் வரை. எச்எம்டியின் என்எச்22 என்பதில் வரும் 22, 220 மில்லிமீட்டர் சென்டர் உயரத்தைக் குறிக்கிறது. அமெரிக்க வழக்கம் ஸ்விங், அதாவது பெட்டுக்கு மேல் சுற்றக்கூடிய முழு விட்டம். இங்கிலாந்தில் 1946-இல் வந்த மைஃபோர்ட் எம்எல்7 என்ற குட்டி லேத்தோட சென்டர் உயரம் மூன்றரை இஞ்சு, ஸ்விங் 7 இஞ்சு. ஒரே மெஷினுக்கு ரெண்டு நம்பர். சென்டர் உயரம், ரெண்டு சென்டருக்கும் நடுவில் உள்ள தூரம், பெட் நீளம், மூணையும் குறிச்சுக்கோங்க.

3. லீட் ஸ்க்ரூ இஞ்சா, மில்லிமீட்டரா?

இதுதான் உயிர் கேள்வி. ஒரே ஒரு மரையை அளந்தால் 6-க்கும் 6.35-க்கும் வித்தியாசம் சரியா பிடிபடாது. பத்து மரையைச் சேர்த்து அளங்க. 60 வந்தால் 6 மில்லிமீட்டர், 63.5 வந்தால் இஞ்சுக்கு 4. ஹெட்ஸ்டாக் பக்கத்து மரை அதிகமா தேய்ந்திருக்கும், அதனால் டெயில்ஸ்டாக் பக்கம் அளப்பது நல்லது. இதுக்கு ஆகும் நேரம் ரெண்டு நிமிஷம்.

4. டயலும் போல்ட்டும் என்ன சொல்லுது?

கிராஸ் ஸ்லைடு டயலில் எத்தனை கோடு, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகருது என்று பாருங்க. 100 கோடு, ஒரு சுற்றுக்கு 2.54 மில்லிமீட்டர் என்றால் அது இஞ்சு ஸ்க்ரூ. ஒரு கோட்டுக்கு இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனா டயல் மில்லிமீட்டர் என்பதால் லீட் ஸ்க்ரூவும் மில்லிமீட்டர் என்று முடிவு கட்டாதீங்க. கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவை யாராவது மாற்றியிருக்கலாம்.

ஒரிஜினல் போல்ட் என்று தெரியும் அரை இஞ்சு போல்ட் இருந்தால் பிட்ச் கேஜ் வையுங்க. இஞ்சுக்கு 12 மரை என்றால் பிரிட்டிஷ் விட்வொர்த், 13 என்றால் அமெரிக்க வழி. ஜோசஃப் விட்வொர்த் 1841-இல் கொண்டுவந்த அந்த மரையோட கோணம் 55 டிகிரி, இப்போதைய மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. மெஷின் எந்த நாட்டு டிசைனைப் பார்த்துச் செய்தது என்று ஊகிக்க இது உதவும்.

5. சக்கரங்கள் மொத்தம் எத்தனை, எத்தனை பல்?

பெட்டியில் இருக்கும் எல்லாச் சக்கரத்தையும் சாக்பீஸால் குறி போட்டு எண்ணுங்க. வெளி விட்டத்தை அளந்து, பற்களோட 2 கூட்டி வகுத்தால் மாட்யூல் வரும். 40 பல், விட்டம் 84 மில்லிமீட்டர் என்றால் 84/42 = 2. வேற மெஷினோட சக்கரம் கலந்திருந்தால் இதில் மாட்டிக்கும்.

127 பல் இருந்தால் அது பெரிய துப்பு, ஆனா முடிவான ஆதாரம் இல்லை. மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூவில் இஞ்சு மரை வெட்டவும் அதே 127 வேணும். அதனால் மூணாவது கேள்விக்குப் பதில் தெரிஞ்ச பிறகுதான் இதுக்கு அர்த்தம்.

6. சக்கு எப்படி மாட்டியிருக்கு?

ஸ்பிண்டில் மூக்கில் மரை போட்டுச் சக்கைத் திருகியிருக்கா, இல்லை கேம்லாக் மாதிரி பூட்டா? திருகின வகையில் வேகமா ஓடும்போது சட்டென்று ரிவர்ஸ் போட்டால் சக்கு கழன்று பறக்கலாம். கேம்லாக் மெஷினுக்கு எழுதின மேனுவலில் இந்த எச்சரிக்கையே இருக்காது. தப்பான மேனுவல் ஷாஃப்டை மட்டும் கெடுக்காது, ஆளையும் கொல்லும்.

எங்களுக்கு என்ன கிடைச்சது?

முதல் கேள்வியிலேயே எங்களுக்குப் பாதி விடை வந்தது. கியர் மூடியின் உள்பக்கம் மூணு கோட் பெயிண்டுக்கு அடியில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. கம்பெனி பேர் இருந்த மூலை தேய்ந்து போயிருந்தது. ஆனா "லீட் ஸ்க்ரூ 4" என்பது தெளிவா இருந்தது. கீழே பாதி அழிந்த சார்ட். 1.5-க்கு எதிரே 30, அப்புறம் 127. நான் ராத்திரி முழுக்க உலகம் பூரா தேடின பக்கம், மெஷினுக்குள்ளேயே மூடிக்குப் பின்னாடி இருந்திருக்கு.

பெரியப்பாவும் அதை அன்றுதான் பார்த்தார். "மேஸ்திரி அந்தப் பெரிய சக்கரத்தை எப்பவாச்சும் மாட்டுவாரு. ஏன்னு நான் கேட்டதில்ல" என்றார்.

பெட் முனையில் மேடான எழுத்தில் ஒரு வார்ப்பு நம்பர் மட்டும் இருந்தது, குத்தின நம்பர் எதுவும் இல்லை. ஏதோ ஒரு சின்ன ஃபேக்டரியில் பெரிய கம்பெனி டிசைனைப் பார்த்துச் செய்த மெஷின் என்பதுதான் எங்க முடிவு. இதே மெஷினுக்கான மேனுவல் கிடைக்கல. அப்போ என்ன பண்றது? சொந்தக்கார மெஷினோட மேனுவலை அளந்து பயன்படுத்தணும்.

எதை எடுத்துக்கலாம், எதை எடுத்துக்கக் கூடாது?

அதே வகை மெஷினோட மேனுவலில் இருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை: பெட்டை லெவல் பார்க்கும் முறை, ஸ்லைடுகளின் ஜிப் டைட் வைக்கும் முறை, டெயில்ஸ்டாக்கை நேர்ப்படுத்துவது, எந்தெந்த இடத்துக்கு எண்ணெய் வேணும் என்ற பட்டியல். பொதுவான வேலைமுறைக்கு சவுத் பெண்ட் கம்பெனி வெளியிட்ட "ஹவ் டு ரன் எ லேத்" பழைய லேத்காரர்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச புத்தகம். நம்ம லைப்ரரியில் ஹஜ்ரா சௌத்ரியின் ஒர்க்ஷாப் டெக்னாலஜி இருக்கும். எக்ஸாமுக்கு மட்டும் புரட்டின அந்த லேத் சேப்டரை ஒரு மெஷின் பக்கத்தில் நின்று படிச்சுப் பாருங்க, வேற மாதிரி இருக்கும்.

அப்படியே எடுக்கக் கூடாதவை நாலு.

மரை சார்ட்: காரணம் மேலே முழுசா சொல்லியாச்சு.

வேக அட்டவணை: அமெரிக்க மேனுவல் 60 ஹெர்ட்ஸ் கரண்டில் ஓடும் 1725 ஆர்பிஎம் மோட்டாரை வைத்து எழுதியிருக்கும். நம்ம 50 ஹெர்ட்ஸில் அதே வகை மோட்டார் 1440 ஆர்பிஎம் பக்கம்தான் ஓடும். ஆறில் ஒரு பங்கு குறைவு. இதுக்கு மேல் புல்லியையும் யாராவது மாற்றியிருப்பார்கள். டேக்கோமீட்டர் வைத்து அளப்பதுதான் வழி.

எண்ணெயா கிரீஸா: பார்க்க கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருக்கும், ஆனா எண்ணெய்க்காக வைத்தது. மைஃபோர்ட் எம்எல்7-இல் இப்படித்தான். அதில் கிரீஸ் அடித்தால் எண்ணெய் போகும் பாதை அடைபடும், தேய்மானம் கூடும். ஹெட்ஸ்டாக்கில் உருளும் பேரிங்கா, வழுக்கும் புஷ்ஷா என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது. வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலை எதிலும் ஊற்றக் கூடாது, அதில் இருக்கும் துகள் பெட்டைத் தேய்க்கும்.

பேக் கியர் போடும் முறை: கோன் புல்லி உள்ள பழைய மெஷினில் புல்லியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் பின்னை விடுவித்த பிறகுதான் பேக் கியர் போடணும். ரெண்டும் சேர்ந்து இருந்தால் ஸ்பிண்டில் பூட்டிக்கும், அப்போ மோட்டார் போட்டால் பல் உடையும். எந்த மெஷினாக இருந்தாலும் சக்கு முழுசா நின்ற பிறகுதான் கியர் லீவரில் கை வைக்கணும்.

ஒரு மெல்லிய கோடு போதும்

மேனுவல் சரியா தப்பா என்று இரும்பை வீணாக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. மரை வெட்ட கியர் செட் பண்ணிட்டு, வேஸ்ட் கம்பி ஒன்றில் டூலை லேசா தொட்டும் தொடாமல் வைத்து ஒரு கோடு மட்டும் போடுங்க. 20 மரைத் தூரத்தை அளங்க. 1.5 பிட்ச் என்றால் 30 மில்லிமீட்டர் வரணும். நான் இதைச் செய்திருந்தால் 31.75 என்று வந்திருக்கும், அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

இன்னொரு விஷயம். இஞ்சு லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது மரை டயல் உதவாது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஹாஃப் நட்டைத் திறந்து மூடினால் டூல் பழைய தடத்தில் விழாது. முடியும் வரை ஹாஃப் நட்டைத் திறக்காமல், டூலைப் பின்னால் இழுத்து, மெஷினை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்பணும். சக்கு திருகின வகை என்றால் முழுசா நிறுத்திவிட்டு, குறைந்த வேகத்தில் ரிவர்ஸ் போடணும்.

127 பல் சக்கரம் தொலைந்து போன மெஷினுக்கும் வழி இருக்கு. 63 பல் சக்கரம் ஒன்று கிடைத்தால் போதும். 1600-ஐ 63-ஆல் வகுத்தால் 25.3968, கிட்டத்தட்ட 25.4. எங்க மெஷினில் 1.5 பிட்ச்சுக்கு 63/80, 30/100 என்று காம்பவுண்டா மாட்டினால் வருவது 1.5002 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீள மரையில்கூட எட்டில் ஒரு மில்லிமீட்டர்தான் தப்பும். லாக் நட்டுக்கு அது ஒண்ணுமே இல்லை.

ஷாஃப்ட் என்ன ஆச்சு?

புது இரும்பு வாங்கிவர ஒரு நாள், முதலில் இருந்து கடைந்து எடுக்க ஒரு நாள். இந்த முறை 127 மாட்டி, கோடு போட்டு, 20 மரை 30 மில்லிமீட்டர் என்று நான் அளந்து, பெரியப்பாவும் அளந்த பிறகுதான் வெட்டினோம். லாக் நட் ஒரே விரலில் கடைசி வரை ஓடியது. ஆனா அதுக்குள் பௌர்ணமி முடிந்து ஜனம் பஸ் ஏறிக்கிட்டு இருந்தது. மில்காரருக்கு அந்த மாதத்தோட நல்ல வியாபாரம் போச்சு. பெரியப்பா கூலி வாங்கல. இரும்புக் காசும் அவர் கையிலிருந்துதான். என்னை ஒரு வார்த்தை திட்டல, அதுதான் கஷ்டமா இருந்தது.

இந்த மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு வேற வாங்கலாம் என்று அவர் ஒரு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தார். மில்லிமீட்டர் மரை வராத மெஷினை வைத்து என்ன பண்றது என்பதுதான் காரணம். வரும் என்று இப்போ தெரிஞ்சுபோச்சு. லீவு முடிவதற்குள் எல்லா அளவையும், எண்ணெய் இடங்களையும், 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை கணக்குப் போட்ட சார்ட்டையும் ஒரு நோட்டில் எழுதினேன். சார்ட் பக்கத்தை மட்டும் லேமினேட் பண்ணி மோட்டார் சுவிட்சுக்கு மேலே மாட்டியிருக்கு. ஒவ்வொரு பிட்ச்சுக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் விட்டிருக்கேன். கோடு போட்டு அளந்து பார்த்த பிறகுதான் அதில் டிக். இதுவரைக்கும் நாலு டிக் விழுந்திருக்கு. ரெண்டு பெரியப்பா போட்டது.

நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. நம்ம ஒர்க்ஷாப்பில் இருக்கும் பழைய லேத்களின் பெயர்ப்பலகை, குத்தின நம்பர், மரை சார்ட் தகடு, மூணையும் அடுத்த லேப் கிளாஸில் போட்டோ எடுத்து வையுங்க. லேப் அசிஸ்டன்ட் அண்ணாவிடம் மேனுவல் பீரோவில் இருக்கா என்று ஒரு வார்த்தை கேளுங்க. இருந்தால் ஸ்கேன் பண்ணுங்க. அந்த மெஷின் ஒருநாள் ஏலத்தில் போகும், தகடு பித்தளை விலைக்குப் போகும், பீரோ பழைய பேப்பர்காரரிடம் போகும். அதே மெஷினை வாங்கின ஒரு பட்டறைக்காரரோ, அவர் வீட்டுப் பிள்ளையோ ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தைத் தேடிக்கிட்டு இருப்பாங்க.